கையால் அடித்த ஆறு உளிகள்: இணையக் கொள்முதல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்கு அருகே உள்ள ஒரு மரப்பட்டறையில் நடந்தது இது. பட்டறையில் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளின் கதவு, நிலை, சன்னல்களைப் பழுதுபார்ப்பதுதான் அவர்களுடைய முக்கியமான வேலை. கைக்கு வரும் மரம் பெரும்பாலும் பழைய பர்மா தேக்கு. தேக்கு இழைக்க இனியது, ஆனால் அதற்குள் இயல்பாகவே மணல்சத்தான சிலிக்கா இருக்கிறது. அதனால் உளியின் வாய் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமே மழுங்கிவிடும். நல்ல எஃகு இந்தப் பட்டறைக்கு ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை.

அங்குள்ள மூத்த தச்சருக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர் கையில் இருக்கும் ஓர் அங்குல உளி, அவருடைய ஆசான் விட்டுச்சென்ற ஷெஃபீல்டு உளி. தீட்டித் தீட்டி, மூன்று விரல் நீளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. உலோகத்தில் 'காஸ்ட் ஸ்டீல்' என்ற முத்திரை இன்னும் படிக்கும்படி இருக்கிறது. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய எஃகு என்பது அதன் பொருள். 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக் கைவினைஞர் ஷெஃபீல்டில் நிலைநாட்டிய முறை அது. இந்த உளியை இங்கே குறிப்பிடக் காரணம், பின்னால் எங்களுக்கு அளவுகோலாக நின்றது இதுதான்.

பட்டறைக்கு உளியும் வாய்ச்சியும் அடித்துக் கொடுத்துவந்த கொல்லர் சில ஆண்டுகளுக்கு முன் உலையை மூடிவிட்டார். கடையில் கிடைக்கும் இயந்திர உளிகள் ஒரு நாள் வேலைக்குள் மூன்று முறை தீட்டுக்கல்லுக்குப் போயின. அதனால், முப்பது வயதைக் கடந்த உரிமையாளர் இணையத்தில் தேடி, கையால் அடித்தவை என்று விற்கப்பட்ட ஆறு உளிகளின் தொகுப்பை 8,400 ரூபாய்க்கு வாங்கினார். கால், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் என ஆறு அளவுகள்.

நான் கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் உலோகச் சூட்டுப்பத வேலையில் இருந்தவன். இந்த நிகழ்வில் ஐந்தாம் நாள்தான் உள்ளே வந்தேன். அதற்கு முன் நடந்தவற்றை உரிமையாளரும் மூத்த தச்சரும் சொன்னபடி எழுதுகிறேன்.

விற்பனைப் பக்கத்தில் இருந்தவையும் இல்லாதவையும்

படங்கள் அழகாக இருந்தன. உடலெங்கும் சுத்தியல் தடம், கருமை படிந்த மேற்பரப்பு, மூன்று உளிகளில் நீரலை போன்ற கோலம். எழுத்தில் நான்கு செய்திகள்: கையால் அடித்தது, உயர் கார்பன் எஃகு, பழங்கால டமாஸ்கஸ் (அலைக் கோலம் கொண்ட எஃகு), கடினம் ராக்வெல் சி அளவில் 60 முதல் 62 (எஃகின் கடினத்தைச் சொல்லும் அளவுகோல்; எண் கூடினால் கடினம் கூடும்).

எஃகின் பெயர் இல்லை. சிவக்கக் காய்ச்சிக் கடினமாக்க எண்ணெயில் தோய்த்ததா, நீரில் தோய்த்ததா என்பதும், தோய்த்தபின் நொறுங்காமல் இருக்க எவ்வளவு வெப்பத்தில் பதப்படுத்தினார்கள் என்பதும் இல்லை. தட்டைப் பக்கத்தைக் காட்டும் ஒரு படமும் இல்லை. உளியின் பாதி வேலை தட்டைப் பக்கத்தில்தான் நடக்கிறது. அதைக் காட்டாமல் சுத்தியல் தடத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டியிருந்தார்கள். வாங்கியவர்களின் கருத்துகளைப் பின்னர் நானும் படித்தேன். எல்லாமே பொருள் கைக்கு வந்த வாரத்தில் எழுதப்பட்டவை. கட்டியனுப்பிய நேர்த்தியையும் தோற்றத்தையும் புகழ்ந்தவை. ஆறு மாதம் வேலை செய்தபின் எழுதிய கருத்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

'கையால் அடித்தது' என்ற சொல்லைப் பற்றி இங்கேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அடிப்பது உருவத்தைத் தருகிறது. உளியை உளியாக்குவது அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள்: எவ்வளவு சிவக்கக் காய்ச்சினார்கள், எதில் தோய்த்தார்கள், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பது. அந்த நிமிடங்கள் எந்தப் படத்திலும் விழுவதில்லை. டமாஸ்கஸ் என்று இன்று விற்கப்படுவதும் பெரும்பாலும் இரண்டு வகை எஃகுகளை அடுக்கி ஒட்டி, அமிலத்தில் கோலம் தெரியச் செய்தது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி உலகெங்கும் போன பழைய எஃகு வேறு பொருள். கொடுமணலில் இரும்பு வேலையின் தடயங்களைத் தோண்டி எடுத்த நாட்டில் இருந்துகொண்டு இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெட்டி வந்த நாள்

சனிக்கிழமை காலை பெட்டி வந்தது. இளையவர் ஒருவர் ஆறு உளிகளையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் பின்னால் பெரிய உதவியாக இருந்தன.

மூத்த தச்சர் ஓர் அங்குல உளியை எடுத்தார். அதன் வாயின் சாய்வு 35 பாகை அளவுக்கு மொண்ணையாக இருந்ததால், சாணைச் சக்கரத்தில் வைத்து 25 பாகைக்கு இறக்கினார். அடிக்கடி நீரில் நனைத்தார், நிறம் மாற விடவில்லை. பின் எண்ணெய்க்கல்லில் தீட்டினார். கை முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் வந்தது. தேக்கு நிலையில் கழுந்துத் துளை போடத் தொடங்கினார். முப்பது நாற்பது கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) அடிகளுக்குள் வாய் பொடிந்து, ரம்பப் பல் போலாகிவிட்டது. "இது ஆகாது தம்பி, அனுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய உளியை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை உரிமையாளர் ஆறையும் திருப்பி அனுப்ப விண்ணப்பித்தார். செவ்வாயன்று மறுப்பு வந்தது: சாணை பிடித்த கருவியைத் திரும்பப் பெற முடியாது. ஒன்றில் சாணை பட்டதற்காக ஆறும் மறுக்கப்பட்டன. திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்.

இந்த வகைக் கொள்முதலில் உள்ள உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தீட்டிப் பார்க்காமல் உளியின் தரம் தெரியாது. தீட்டினால் அது பழைய பொருளாகிவிடுகிறது. புடவையைப் பிரித்துப் பார்த்து மடித்து அனுப்புவது போல உளியை அனுப்ப முடியாது.

ஐந்தாம் நாள்: தடம் விடாத சோதனைகள்

புதன்கிழமை நான் போனபோது கெடுவில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. முதலில் எடுத்த முடிவு, சோதனைகளை வரிசைப்படுத்துவது. தடமே விடாதவை முதலில், சிறு தடம் விடுபவை அடுத்து, வெட்டிப் பார்ப்பது கடைசியில். ஓர் உளி எந்தப் படியில் தோற்கிறதோ அந்தப் படியிலேயே அதை நிறுத்தித் திருப்பி அனுப்புவது. ஆறையும் ஒரே தொகுப்பாகப் பார்க்காமல் ஆறு தனிப் பொருள்களாகப் பார்ப்பது என்றும் அப்போதே பேசிக்கொண்டோம். ஒரே உலையில் ஒரே நாளில் அடித்தாலும் கைவேலையில் ஒன்று போல் மற்றொன்று அமையாது.

தட்டைப் பக்கத்தில் எஃகு மட்டக்கோலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். ஒன்றேகால் அங்குல உளியில் நடுப்பகுதி புடைத்திருந்தது. குழிந்திருந்தால் கவலையில்லை, விளிம்புகள் கல்லில் படிந்துவிடும். புடைத்த தட்டை, கல்லின் மேல் ஊஞ்சல் போல ஆடும்; நிமிர்த்த மணிக்கணக்கில் உழைக்க வேண்டும். அதைக் குறித்துக்கொண்டோம், ஆனால் நிராகரிக்கவில்லை. ஓர் அங்குலத்திலும் ஒன்றேகாலிலும் சுத்தியல் தடங்கள் ஒரே இடத்தில், ஒரே உருவில், ஒரே இடைவெளியில் இருந்தன. கை அப்படி அடிக்காது. அச்சில் அழுத்திய அலங்காரமாகவே அதைக் கருதுகிறேன். தேர்ந்த கொல்லர் கடைசிச் சுற்றில் மெல்லத் தட்டித் தடங்களைச் சமன்படுத்திவிடுவார்.

அடுத்து, ஒவ்வோர் உளியையும் நூலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினோம். ஐந்து உளிகள் மணி போல ஒலித்தன. ஒன்றரை அங்குலம் மட்டும் உடைந்த ஓடு போல மந்தமாக ஒலித்தது. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் வாயின் ஒரு மூலையிலிருந்து மேலே ஏறும் மயிரிழைக் கோடு தெரிந்தது. கீறலா விரிசலா என்று தெரிந்துகொள்ள, அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசினோம். சிறிது நேரத்தில் வெள்ளைப் பொடியின் மேல் ஈரக் கோடு ஒன்று எழுந்தது. உள்ளே இறங்கிய எண்ணெய் வெளியே வருகிறது என்றால் அது விரிசல். தோய்க்கும்போது எஃகு திடீரென்று சுருங்குவதால் ஏற்படும் விரிசல் இப்படித்தான் இருக்கும். கொட்டாப்புளி அடிபட்டால் ஒரு நாள் மூலை பெயர்ந்து தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கு ஆபத்து.

அந்த உளியின் மேல் எங்கள் கையால் ஒரு கீறலும் விழவில்லை. அன்று மாலையே அதற்கு மட்டும் தனியாக, படங்களோடு திருப்பி அனுப்பும் விண்ணப்பம் போனது. மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள்.

அரச் சோதனையும் என் பிழையும்

இரண்டாம் படி அரம். நல்ல அரத்தின் கடினம் ராக்வெல் சி 60-க்கு மேல் இருக்கும். சரியாகத் தோய்த்த உளியில் அரம் வழுக்கும். மென்மையானதில் கடித்து இழுக்கும். எங்கே அராவுகிறோம் என்பது முக்கியம். கையால் அடித்த உளிகளில் வாய்ப்பகுதியை மட்டுமே தோய்ப்பது வழக்கம்; கைப்பிடிக்கு அருகே மென்மையாக விட்டால்தான் அடி தாங்கும். ஆகவே மேற்பகுதியில் அராவி 'மட்டம்' என்று சொன்னால் அது அநியாயம். வாயிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி, குறுகிய பக்கவிளிம்பில் அரத்தின் ஒரே ஓர் இழுப்பு என்று முடிவு செய்தோம். திருப்பி அனுப்புவதை அந்தச் சிறு தடம் பாதிக்கலாம் என்று தெரிந்தேதான் செய்தோம். ஆதாரம் இல்லாத புகாரைவிட, தடம் பதிந்த ஆதாரம் மேல் என்பது எங்கள் கணக்கு.

முக்கால் அங்குலத்தில் அரம் வெண்ணெயில் போல இறங்கியது. கால், ஒன்று, ஒன்றேகால் மூன்றிலும் வழுக்கியது. அரை அங்குலத்தின் பக்கவிளிம்பு மெல்லியதாகச் சரிந்திருந்ததால், நான் மேற்பக்கத்தில் அராவினேன். கடித்தது. குறிப்பேட்டில் 'மென்மை, திருப்பி அனுப்புக' என்று எழுதினேன்.

மூத்த தச்சர் அதை ஏற்கவில்லை. உளியை வாங்கி, சாய்வுப் பக்கத்தைக் கல்லில் இரண்டு முறை மட்டும் மெல்ல இழுத்துத் துடைத்துக் காட்டினார். சாய்வில் இரண்டு நிறங்கள்: மேலே மங்கலான சாம்பல் நிறம், வாயோரம் கண்ணாடி போல மின்னும் மெல்லிய கோடு. "இரும்புக்கு அடியில் எஃகு வைத்து அடித்திருக்கிறார்கள் ஐயா. நீங்கள் அராவியது இரும்பை" என்றார். எஃகு விலை கூடியிருந்த காலத்தில் நம் ஊர்க் கொல்லர்களும் அரிவாளுக்கும் உளிக்கும் வாயில் மட்டும் எஃகு வைத்துப் பற்றவைத்தார்கள். ஜப்பானிய உளிகள் இன்றும் இதே முறையில்தான் அடிக்கப்படுகின்றன. கடின எஃகு வெட்டும், மென்மையான இரும்பு அடியைத் தாங்கும், தீட்டவும் எளிது. தட்டைப் பக்கத்தில், எஃகின் மேல் அராவியபோது அரம் வழுக்கியது. அவர் தடுத்திருக்காவிட்டால், ஆறில் ஆகச் சிறந்த உளியை நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அலைக் கோலத்தையும் அன்றே பார்த்துவிட்டோம். ஓர் அங்குலத்தில் சாணை பட்ட இடத்தில் கோலம் அழிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் காடியில் நனைத்து வைத்தோம். உண்மையில் இருவகை எஃகுகளை அடுக்கியிருந்தால் ஒன்று கருத்து மற்றொன்று வெளுத்துக் கோலம் திரும்பியிருக்கும். சீரான சாம்பல் நிறம் மட்டுமே வந்தது. கோலம் மேல்தோலில் வரைந்தது.

வெட்டிப் பார்த்தல்

முக்காலை ஒதுக்கிவைத்துவிட்டு, மிஞ்சிய நான்கையும் வைத்துக்கொள்வது என்று உரிமையாளர் முடிவு செய்தார். ஒன்று ஏற்கெனவே சாணை பட்டது. மற்ற மூன்றும் அதுவரையிலான சோதனைகளில் தேறியிருந்தன. இனி அவற்றைத் திருப்ப முடியாது என்று தெரிந்துதான் கல்லில் வைத்தோம்.

பொடிந்துபோன ஓர் அங்குல உளிதான் எனக்குக் கேள்வியாக இருந்தது. அரம் வழுக்குகிறது, ஆனாலும் வாய் பொடிகிறது. மென்மையான எஃகாக இருந்தால் வாய் மடியும், பொடியாது. காய்ச்சும்போது தடித்த உடல் சிவப்பதற்குள் மெல்லிய வாய் அளவுமீறிச் சூடேறிவிடும். அங்கே எஃகின் மணிகள் பருத்து, நொறுங்கும் தன்மை வந்துவிடும். கையால் அடித்த கருவிகளில் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இப்படி வீணாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே இன்னும் இரண்டு மில்லிமீட்டரை எடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். சக்கரத்தில் வைக்கவில்லை. அதுவரை எங்களால் சூடேறவில்லை என்ற உறுதியைக் கெடுத்துக்கொள்ள விரும்பாமல், முரட்டுக் கல்லில் நீர் விட்டுக் கையாலேயே தேய்த்தோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாய்வையும் 30 பாகைக்கு உயர்த்தினோம். கொட்டாப்புளி வேலைக்கு 25 பாகை மெலிவு என்பதை மூத்தவரும் ஏற்றுக்கொண்டார்.

பழைய தேக்கு விட்டத் துண்டு ஒன்றில், ஷெஃபீல்டு உளியும் புதிய நான்கும் ஒரே கையால், ஒரே கொட்டாப்புளியால், நூறு நூறு அடி. பிறகு வாயை விளக்குக்கு எதிரே திருப்பிப் பார்த்தோம். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய இடம் வெள்ளிக் கோடாக மின்னும். ஷெஃபீல்டில் கோடு இல்லை. ஓர் அங்குலத்தில் ஒரு மூலையில் மட்டும் புள்ளியாக மின்னியது. அரை அங்குலத்தில் எதுவுமே இல்லை. கால் அங்குலத்திலும் ஒன்றேகாலிலும் மெல்லிய கோடு, ஆனால் மரத்தின் முனைத்தளத்தை இன்னும் சுத்தமாகச் சீவின. நான்கு நாளுக்கு முன் 'ஆகாது' என்று ஒதுக்கிய உளியை மூத்த தச்சர் திரும்பக் கையில் எடுத்து, ஒரு சீவலை ஊதித் தள்ளிவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

கோயம்புத்தூரில் எடுத்த அளவுகள்

மறு வாரம் முக்காலையும் மற்ற நான்கையும் கோயம்புத்தூருக்கு எடுத்துச் சென்று ராக்வெல் கருவியில் வைத்தேன். 120 பாகை வைரக் கூம்பை 150 கிலோகிராம் சுமையில் அழுத்தும் சோதனை அது; ஊசிமுனை அளவு குழி மட்டுமே விழும். அரை அங்குலத்தைத் தட்டைப் பக்கத்தில் வைத்தேன், மெல்லிய எஃகுக்கு அடியில் இரும்பு இருப்பதை மறக்காமல்.

அரை அங்குலம் 63, ஒன்று 61, ஒன்றேகால் 60, கால் 58. முக்கால் 20-க்கும் கீழே போனது. அதற்குக் கீழ் சி அளவுகோலையே நம்பக் கூடாது. அது தோய்ச்சலே ஏறாத உலோகம் என்று சொல்ல இதுவே போதும். கார்பன் குறைவா, தோய்க்கவே மறந்தார்களா என்று தெரிய, சாணையில் வைத்துத் தீப்பொறி பார்க்க வேண்டும். கார்பன் கூடிய எஃகு நெருக்கமாகப் பூப்பூவாக வெடிக்கும். குறைந்தது நீண்ட கோடுகளாக ஓடும். திருப்பி அனுப்ப வேண்டிய பொருள் என்பதால் அதைச் செய்யவில்லை. புகாருக்கு அது தேவைப்படவும் இல்லை.

கால் அங்குலத்தின் 58 விளம்பரத்துக்குக் கீழே இருந்தாலும் அதை நான் குறையாக எண்ணவில்லை. குறுகிய உளி துளைக்குள் நெம்பப்படுகிறது. அதற்குச் சற்று இளகிய பதமே நல்லது. எல்லா அளவுக்கும் ஒரே எண்ணைச் சொல்லி விற்பதுதான் எனக்கு ஐயத்தைத் தருகிறது. அளந்து எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு எண்ணைத்தான் எழுதுவார்.

புகாரும் முடிவும்

முக்காலுக்கான விண்ணப்பம் ஆறாம் நாளே போயிருந்தது. அரத் தடத்தைக் காட்டி மறுத்திருந்தார்கள். ராக்வெல் அளவு கைக்கு வந்ததும் உரிமையாளர் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினார். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. அந்த அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதத்தில் கோபத்தைக் கொட்டாமல் மூன்றை மட்டும் வைத்தோம்: விளம்பரத்தின் படம், பெட்டி வந்த நாள் எடுத்த படம், ராக்வெல் அளவு. பதில் தாமதமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போவது என்று இருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை. பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது. இரண்டு உளிகளுக்குமாக 3,000 ரூபாய்.

கோலம் போலி என்ற புகாரை எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் நல்ல உளிகளையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று உரிமையாளர் எண்ணினார். நான் மாறுபட்டேன். பொய்யை அப்படியே விட்டால் அடுத்து வாங்குபவரும் ஏமாறுவார் என்பது என் நிலை. முடிவு அவருடையது, விற்பனைப் பக்கத்தில் கோலத்தைப் பற்றி உண்மையை எழுதுவதற்கு அவரும் உடன்பட்டு, எட்டு மாதங்கள் கழித்து எழுதினார்.

எட்டு மாதங்களுக்குப் பின்

நான்கு உளிகளும் வேலையில் இருக்கின்றன. ஒன்றேகாலின் புடைப்பை நிமிர்த்த இளையவருக்கு இரண்டு மாலைகள் ஆயின. அந்த உழைப்பையும் விலையில் சேர்த்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் கால் அங்குலத்தின் கைப்பிடி சுருங்கிப் பூண் கழன்றது. ஈரம் வற்றாத மரத்தில் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். கருவேலம் மரத்தில் வேறு கடைந்து போட்டார்கள். கைப்பிடியை நான் சோதனையில் சேர்க்கவே இல்லை. பெட்டி வந்த நாளில் எடை போட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி போட்டிருந்தாலே எடை குறைவது தெரிந்திருக்கும்.

இன்னொரு முறை செய்தால்

முதலில் ஓர் உளி மட்டும் வாங்கச் சொல்வேன். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் எஃகின் பெயரையும், எதில் தோய்த்தார்கள் என்பதையும் கேட்டு, தட்டைப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்வேன். தானே அடிப்பவர் இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடுவார். பெட்டி வந்த அன்று சாணைச் சக்கரத்தைத் தொடக் கூடாது.

எங்கள் சோதனையில் ஒரு குறையும் உண்டு. ஓர் அங்குல உளியில் இரண்டு மில்லிமீட்டரை எடுத்ததும் சாய்வை உயர்த்தியதும் ஒரே நேரத்தில் நடந்தன. எது வாயைக் காப்பாற்றியது, எவ்வளவு காப்பாற்றியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. முதலில் சாய்வை மட்டும் மாற்றி நூறு அடி, பிறகு வாயைக் குறைத்து நூறு அடி என்று செய்திருக்க வேண்டும்.

முக்கால் அங்குலத்துக்கு மாற்று இணையத்தில் வாங்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இன்னும் உலை மூட்டும் கொல்லர் ஒருவரை மூத்த தச்சர் விசாரித்துக் கண்டுபிடித்தார். லாரியின் வில்பட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுபோய் அடித்து வாங்கி வந்தார்கள். தொங்கவிட்டுத் தட்டியபோது மணி போல ஒலித்தது, வாயோரம் அரம் வழுக்கியது, தட்டைப் பக்கம் சற்றே குழிந்திருந்தது. முதல் நூறு அடியில் வாய் லேசாகப் பொடிந்தது. ஒரு மில்லிமீட்டரைக் கையால் தேய்த்து எடுத்தார்கள், சாய்வை மாற்றாமல். இரண்டாவது நூறு அடிக்குப் பின் விளக்குக்கு எதிரே பிடித்தபோது கோடு தெரியவில்லை.